உச்சத்தை யாரிடம் சொல்வது?

ரத்தோட்டைப் பக்கமுள்ள தோட்டமொன்றில், சம்பளத்துக்குப் பின்வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மகளிர் குழு கூடும். கூடுமிடம் பிள்ளைக்காம்பரா. வேலைநாட்களில் குழந்தைகளின் ஏணைகள் தொங்கும் அறையில் அன்று பாய் விரித்து உட்காருவோம். குழுக் கூட்டம் முடிந்ததும் அதே பாயில் சீட்டு நடக்கும். சமூகப் பணியாளரான எனக்குச் சீட்டில் பங்கில்லை. ஆனாலும் எழுந்து வர விடமாட்டார்கள். தேத்தண்ணி சீட்டுக்குப் பிறகுதான் வரும்.

இருபது பேர் சேர்ந்த சீட்டு. ஆளுக்கு மாதம் 5,000 ரூபா, சேர்வது ஒரு லட்சம். இதை ஏலத்தில் எடுக்க வேண்டும். யாருக்குப் பணம் அவசரமோ அவர், “இவ்வளவு கழித்துக்கொண்டு தந்தால் போதும்” என்று கழிவு கேட்பார். இன்னொருவர் அதைவிடக் கூடிய கழிவு கேட்பார். 500 ரூபாப் படியாக ஏறும். யார் அதிகம் இழக்கத் தயாரோ அவருக்கே அந்த மாதச் சீட்டு. கழித்த தொகை இருபது பேருக்கும் சமமாகப் பிரியும். வடக்கில் சீட்டு நடத்துபவரைத் தாச்சி என்பார்கள். இங்கே ‘சீட்டக்கா’ என்கிறோம். இந்நாட்டில் சீட்டுக்கென்று 1935ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. அவ்வளவு பழைய பழக்கம் இது. எங்கள் குழுவில் பிரச்சினை எழுந்தது சட்டம் பற்றியல்ல, ஒருவருக்காக இன்னொருவர் ஏலம் கேட்கும்போது எப்படிக் கேட்க வேண்டும் என்பது பற்றி.

குழுவில் ‘வன்னியக்கா’ என்று அழைக்கப்படும் சகோதரி ஒருவர் இருக்கிறார். பிறந்தது இதே தோட்டத்து லயத்தில்தான். 1983 ஜூலை வன்செயலில் மாத்தளை நகரத்துத் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டு, முத்துமாரியம்மன் கோவிலும் தாக்கப்பட்டபோது, கைக்குழந்தையாக இருந்த அவரைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். 1977க்குப் பின்னும் 1983க்குப் பின்னும் அப்படிப் போய் வன்னியில் குடியேறிய மலையகக் குடும்பங்கள் ஏராளம். 2009இல் முள்ளிவாய்க்காலில் கணவரைத் தொலைத்து, மெனிக் பாம் முகாமில் இருந்து, 2012இல் தாய்மாமன் குடும்பம் இருக்கும் இந்தத் தோட்டத்துக்கே இரண்டு பிள்ளைகளோடு திரும்பி வந்தார். கொழுந்தும் எடுப்பார், தையலும் தைப்பார். துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லொக் மெசின் ஒன்று இருந்தால் பாடசாலைச் சீருடைகளுக்கு ஓடர் எடுக்கலாம் என்பது அவருடைய பல வருடக் கணக்கு.

2024ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு சீட்டு நாள். வன்னியக்காவின் மகனுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வர முடியாதென்று முதல்நாளே சீட்டக்காவிடம் சொல்லிவிட்டார்: “இருபது வரைக்கும் போனாலும் பரவாயில்லை, இந்த மாசம் எனக்கே எடுத்துத் தாங்கோ.”

மறுநாள் ஏலம் தொடங்கியதும் சீட்டக்கா முதல் வாயிலேயே, “வன்னியக்காவுக்கு இருபதாயிரம்” என்றார். ஒருவரும் பேசவில்லை. அவ்வளவு பெரிய கழிவை யார் தாண்டுவது? ஒரு நிமிடத்தில் ஏலம் முடிந்து தேத்தண்ணி வந்தது. நானும் குடித்தேன். பிழை நடந்ததாக எனக்கு அப்போது தோன்றவேயில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டு நாள் கழித்துப் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது இன்னொரு பெண் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்: “எனக்கும் சீட்டு வேணுந்தான். ஆனா பதினொன்னுக்கு மேல நான் கேட்டிருக்க மாட்டேன்.” அது வன்னியக்காவின் காதுக்குப் போயிற்று. நேராக என்னிடம் வந்தார்.

“மிஸ், நான் சொன்னது கடைசி. அவ கேட்டது முதல்” என்றார். ஒரே வாக்கியத்தில் முழு விசயத்தையும் சொல்லிவிட்டார். நான்தான் புரிந்துகொள்ள நேரம் எடுத்தேன்.

கணக்குப் பார்த்தோம். எதிரில் இருந்தவர் 11,000இல் நின்றிருப்பார். அதற்கு அடுத்த படி 11,500. அந்தக் கழிவோடு சீட்டு வன்னியக்காவுக்கு வந்திருக்க வேண்டும். 20,000 கழிந்ததால் அவர் கையில் 8,500 ரூபா குறைந்தது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளத்தில் அது ஆறு நாள் கொழுந்துக்கும் மேல். கழிவில் எல்லோருக்கும் வந்த ஆயிரம் அவருக்கும் வந்தது என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். அவருடைய காசில் அவருக்கே ஆயிரம்!

சீட்டக்காவிடம் கேட்டேன். “ஒரு எண்ணச் சொல்லிட்டுப் போனா, நான் அதையே சொன்னேன். கூட்டியும் சொல்லல, குறைச்சும் சொல்லல. இதுல என்னா தப்பு மிஸ்?” என்றார். அவர் வஞ்சகம் செய்யவில்லை என்று இன்றும் நம்புகிறேன். தன்னிடம் சொல்லப்பட்டது ஓர் எல்லை என்பதும், எல்லையும் கேள்வியும் வெவ்வேறு என்பதும் அவருக்குத் தெரியாது. எனக்கும்தான் தெரிந்திருக்கவில்லையே.

இதில் எங்கள் பெண்களிடமுள்ள இன்னொரு பழக்கமும் சேர்ந்திருக்கிறது. முகாமில் பதிவு, மீள்குடியேற்றப் பதிவு, கிராம உத்தியோகத்தரின் படிவம், நிறுவனங்களின் படிவம் என்று பல வருடங்களாகத் தங்கள் தேவையை முழுவதுமாக எழுதிக் கொடுத்தே பழகியவர்கள் இவர்கள். எவ்வளவு கஷ்டம் என்று கூடச் சொன்னால்தான் ஏதாவது கிடைக்கும் என்ற நிலை இருந்தது. படிவங்களை நிரப்பச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. ஏலத்தில் அந்தப் பழக்கம் நேர்மாறாக வேலை செய்கிறது. சீட்டில் ஒரு பெண் இழக்கத் தயாராயிருக்கும் உச்சத் தொகை அவளுடைய கஷ்டத்தின் அளவுதான். அதைச் சபையில் முதலிலேயே சொன்னால் அவ்வளவும் கழிந்துவிடுகிறது.

லண்டனில் ஒரு மெசின்

கையில் வந்த 80,000 ரூபாவில் நகரத்துக் கடையில் புதிய மெசினுக்கும் துணி முதலுக்கும் சேர்த்துப் போதவில்லை. லண்டனில் கடையொன்றில் வேலை செய்யும் வன்னியக்காவின் தம்பி, “இஞ்ச ஈபேயில பழசு மலிவாப் போகுது அக்கா, எடுத்துப் பார்சலில போட்டு விடுறன்” என்றார். அங்கும் இங்கும் மின்சாரம் 230 வோல்ட்டானதால் மெசின் அப்படியே ஓடும். அக்காவோ சும்மா வாங்கச் சம்மதிக்கவில்லை. விலையைச் சீட்டுக் காசிலிருந்து கொடுப்பதாகவும், 50 பவுணுக்குள் கிடைத்தால் மட்டும் எடுக்கும்படியும் சொன்னார். அப்போது பவுண் ஒன்று ஏறத்தாழ 400 ரூபா. 50 பவுண் என்றால் 20,000 ரூபா.

ஈபே பற்றித் தெரியாதவர்களுக்கு: 1995 செப்டெம்பரில் அமெரிக்காவில் பியேர் ஒமிடியார் என்ற கணனிப் பொறியியலாளர் தொடங்கிய இணைய ஏலச் சந்தை இது. அங்கே முதலில் விற்றதாகச் சொல்லப்படுவது பழுதான லேசர் சுட்டி ஒன்று, 14.83 டொலருக்கு. யாரும் தங்களிடமுள்ள பொருளைப் படத்துடன் போடலாம். உலகில் எங்கிருந்தும் ஏலம் கேட்கலாம். இப்போது அங்கே பெரும்பாலான பொருட்கள் நிலையான விலைக்கே விற்கின்றன. ஏலமும் தொடர்கிறது. ஏலமென்றால் மணியும் சுத்தியலும் இருக்காது. இத்தனை நாள், இன்ன நேரத்தில் முடியும் என்று ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் மெசினைத் தம்பி கோட்டைவிட்டார். நல்லவேளை என்றும் சொல்லலாம். கடைசி அரை மணித்தியாலம் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு யாரோ முகம் தெரியாத ஒருவருடன் மல்லுக்கட்டியிருக்கிறார். அவர் 40 என்றால் இவர் 41, அவர் 45 என்றால் இவர் 46. 50ஐத் தாண்டியது தெரிந்தும் நிறுத்த மனமில்லை. 60ஐத் தாண்டினால் அங்கே படி இரண்டு பவுணாகிறது. இவர் 64 வரை போய், மற்றவர் 66 என்றதும் நேரம் முடிந்தது. “வென்றிருந்தா அக்கா என்னைக் கொன்றிருப்பா” என்று பிறகு என்னிடம் சிரித்தார். ஏலத்தில் வென்றால் வாங்கியே ஆகவேண்டும், அது அந்தச் சந்தையின் விதி. ஏலம் முடியும்போது அவர் கண்ணுக்கு மெசின் தெரியவில்லை, எதிராளி மட்டுமே தெரிந்தார் என்பது என் அபிப்பிராயம். கோவில் ஏலத்தில் ஒரு மாம்பழம் ஆயிரக்கணக்கில் போவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்காவது காசு சாமிக்குப் போகிறது.

அடுத்த மெசினுக்கு அவருடன் வேலை செய்யும் ஒருவர் வழி சொல்லிக்கொடுத்தார். கையால் படிப்படியாகக் கேட்காமல், உன்னுடைய உச்ச விலையை ஒரே தடவையில் கணனிக்குச் சொல்லிவிடு, அது உனக்காகக் கேட்கும் என்று. இதைத்தான் பதிலாள் ஏலக் கேள்வி என்கிறார்கள். நமக்குப் பதிலாக நின்று கேட்கும் ஆள் இங்கே கணனி.

அந்த ஏலம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டன் நேரம் பிற்பகல் இரண்டு மணிக்கு முடிந்தது, நமக்கு மாலை ஆறரை. வன்னியக்காவின் லயத்துக் காம்பராவில் நானும் இருந்தேன். தம்பி வெள்ளிக்கிழமையே 52 பவுண் என்று போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அவர் அவ்வப்போது அனுப்பிய திரைப் படங்களை வைத்து நடந்ததை முழுவதும் சொல்ல முடியும்.

மெசினின் ஆரம்ப விலை 20 பவுண். தம்பி போடும்போது திரையில் 24 என்று இருந்தது. அவர் 52 என்று போட்டதும் விலை 52 ஆகவில்லை, 32 ஆயிற்று! அக்கா பயந்துபோய், “அவன் எண்ணைப் பிழையாப் போட்டிட்டான்” என்றார். பிழையில்லை. அவருக்கு முன் கேட்டிருந்தவரின் இரகசிய உச்சம் 31. அந்த விலை மட்டத்தில் படி ஒரு பவுண். 31ஐ வெல்ல 32 போதும் என்பதால் கணனி 32 மட்டும் கேட்டது. மீதி 20 பவுணையும் அது வாயைத் திறக்காமல் வைத்துக்கொண்டது.

சனிக்கிழமை இன்னொருவர் 36 என்று போட்டார். அந்த நொடியே கணனி தம்பிக்காக 37 என்றது. தம்பி அப்போது கடையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார், அவருக்குத் தெரியவே தெரியாது. ஞாயிறு முடியப் பத்து விநாடி இருக்கும்போது வேறொருவர் 42 என்று பாய்ந்தார். கணனி 43 என்றது. நேரம் முடிந்தது. மெசின் 43 பவுணுக்குத் தம்பியுடையது. 52 என்பது கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் கடைசிப் பத்து விநாடிப் பாய்ச்சல் இணைய ஏலத்தில் பிரசித்தமானது. அல்வின் றொத், அக்செல் ஒக்கன்ஃபெல்ஸ் என்ற பொருளியலாளர்கள் 2002இல் இதைப் பற்றி ஆய்வு வெளியிட்டார்கள். அப்போது அமேசனும் ஏலம் நடத்தி வந்தது. அங்கே கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் முடிவு நேரம் தானாகவே நீளும். ஈபேயில் நீளாது. அதனால் ஈபேயில்தான் கடைசி நொடிப் பாய்ச்சல் அதிகம் என்று கண்டார்கள். பாய்ந்தவர் தம்பியின் உச்சத்தைத் தாண்டினால் மெசின் அவருக்கே போயிருக்கும். தாண்டாதவரை அவர் எந்த விநாடியில் வந்தாலும் பயனில்லை.

இன்னும் சில விபரங்கள், வெளிநாட்டு உறவினர் மூலம் பொருள் எடுக்க நினைப்பவர்களுக்கு உதவும். தம்பி ஏன் 50 போடாமல் 52 போட்டார்? பலரும் முழு எண்ணிலேயே நிற்பார்கள். இருவர் ஒரே உச்சத்தைப் போட்டால் முதலில் போட்டவருக்கே பொருள். அந்த இரண்டு பவுணுக்கு அக்காவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தார். போட்ட உச்சத்தைப் பிறகு கூட்டலாம், நினைத்தபடி குறைக்க முடியாது. அனுப்பும் செலவு ஏல விலைக்கு மேல் தனியாக வரும். இந்த மெசினை விற்றவர் வீட்டுக்கே போய் எடுத்ததால் அது இல்லை. கொழும்புக்கு வந்த பார்சல் செலவு வேறு.

இரண்டாவது ஆளின் விலை

ஏன் அதிகம் கேட்டவர் தன் உச்சத்தைக் கட்டாமல், இரண்டாவது ஆளின் விலையை ஒட்டிக் கட்டுகிறார் என்று வன்னியக்கா கேட்டார். நல்ல கேள்வி. சமூகவியல் படித்த எனக்குப் பொருளியல் அவ்வளவு வராது, தேடிப் படித்தேன்.

நேரில் நடக்கும் சாதாரண ஏலத்திலும் இதுவே நடக்கிறது. ஓர் ஆட்டை ஏலம் போடுகிறார்கள். நான் 30,000 வரை கொடுப்பேன், எதிரில் இருப்பவர் 22,000 வரை. அவர் 22,000இல் வாயை மூடிவிட்டால் நான் 22,500க்கு ஆட்டைக் கொண்டுபோகிறேன். என் 30,000 என் மனதிலேயே இருந்துவிடுகிறது. வர முடியாதவர் ஆள் அனுப்பினால் அந்த ஆளும் இப்படித்தானே கேட்க வேண்டும்? தபாலில் ஏலம் கேட்கும் முத்திரை சேகரிப்பாளர்களுக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அமெரிக்க வியாபாரிகள் சிலர் இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தார்கள். கடிதத்தில் உச்சத்தை எழுதி அனுப்பலாம், கட்டுவது இரண்டாவது கடிதத்தின் விலையை ஒட்டி. 1961இல் வில்லியம் விக்கிரி என்ற பேராசிரியர் இதைக் கணித முறையில் விளக்கினார். இப்படியொரு ஏலத்தில் உண்மையான உச்சத்தை எழுதுவதே கேட்பவருக்கு நல்லது, கூட்டியோ குறைத்தோ எழுதிப் பயனில்லை என்று காட்டினார். 1996இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டு மூன்றே நாளில் காலமாகிவிட்டார்.

நம் பெண்கள் எடுக்கும் கொழுந்தும் ஏலத்தில்தான் விலைபோகிறது. கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30ஆம் திகதி தொடங்கியது. 2020 ஏப்ரலில் கோவிட் காலத்தில் மண்டபத்தை விட்டுக் கணனிக்கு மாறியது. வெளிநாட்டு இறக்குமதியாளர் நேரில் வருவதில்லை. இன்ன தேயிலையை இன்ன விலை வரை எடு என்று கொழும்பிலுள்ள கொள்வனவாளருக்கு எல்லை சொல்லிவைப்பார். எல்லை 1,500 ரூபா என்று சொன்னதற்காக ஒருவர் முதல் வாயிலேயே 1,500 என்று கேட்டால், மறுநாள் அவருக்கு அந்த வேலை இருக்காது. இதைக் குழுவில் சொன்னபோது சீட்டக்கா நீண்ட நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “அப்போ நான் படிப்படியாக் கேட்டிருக்கணும்” என்றார். வன்னியக்கா அவருக்குத் தேத்தண்ணிக் கோப்பையை நகர்த்தி வைத்தார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

சிக்கல் முடியவில்லை. படிப்படியாகக் கேட்டாலும் சீட்டக்காவுக்கு உச்சம் தெரியுமே? அவருக்கும் கழிவில் பங்கு உண்டு. அவர் வேறு யாரையாவது ஏற்றிவிடச் சொன்னால்? சொல்லமாட்டார், ஆனால் கேள்வி வந்துவிட்டது. ஜெர்மன் கவிஞர் கதேக்கு 1797இல் இப்படியொன்று நடந்தது. தன் காவியமொன்றுக்குத் தான் எதிர்பார்க்கும் குறைந்த விலையை ஒரு தாளில் எழுதி, மூடி முத்திரையிட்டு நண்பரொருவரிடம் கொடுத்தார். பதிப்பாளர் அதைவிடக் குறைவாகக் கேட்டால் பேச்சு முடிந்தது. கூட்டிக் கேட்டால் தாளிலுள்ள தொகை மட்டும் போதும். தாளில் இருந்தது 1,000 தாலர். பதிப்பாளர் கேட்டதும் மிகச் சரியாக 1,000 தாலர். நண்பர் முன்பே காதில் போட்டுவிட்டார் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உறையை மூடினாலும் அதை வைத்திருப்பவரின் வாயை மூட வேண்டியிருக்கிறது.

கணனியும் நூற்றுக்கு நூறு சுத்தமென்று சொல்ல மாட்டேன். உச்சம் அந்த நிறுவனத்துக்குத் தெரியும். விற்பவரே வேறு பெயரில் வந்து தன் பொருளுக்குத் தானே ஏலம் கேட்டு விலையை ஏற்றுவதும் உண்டு. ஈபே அதைத் தடைசெய்திருக்கிறது. 2010இல் இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட் நீதிமன்றத்தில் அப்படிச் செய்த ஒருவருக்கு அபராதமும் சமூக சேவையும் தண்டனையாகக் கிடைத்தன.

பால்மா டின்

வன்னியக்காதான் யோசனை சொன்னார். வர முடியாதவர் மட்டும் ஏன், எல்லோருமே கழிவைத் துண்டில் எழுதி ஒரு டின்னில் போட்டால் என்ன? எல்லோர் முன்னும் திறக்க வேண்டும். அதிகம் எழுதியவருக்குச் சீட்டு. ஆனால் அவரிடமிருந்து கழிவது இரண்டாவது துண்டின் தொகையும் அதற்கு மேல் நூறு ரூபாவும் மட்டுமே.

முதலில் எழுந்த எதிர்ப்பு எழுத்துப் பற்றியது. பாதிப் பேருக்கு எழுத வராது, மகளை எழுதச் சொன்னால் மகளுக்குத் தெரிந்துவிடும், மகளுக்குத் தெரிந்தால் லயத்துக்கே தெரிந்துவிடும். மூத்த அம்மா ஒருவர் சிரித்தார். “எழுத்துத் தெரியாட்டி என்னா, எண்ணு தெரியும். கொழுந்து நிறுக்கிற எடத்துல எண்ணு தெரியாம இத்தனை வருசம் பொழைச்சிருப்பேனா?” 500இலிருந்து 25,000 வரை எண்களை வரிசையாக அச்சிட்ட துண்டை நான் செய்து கொடுத்தேன். வேண்டிய எண்ணில் ஒரு கோடு போட்டால் போதும்.

அடுத்த எதிர்ப்பு நியாயமானது, இன்னும் முழுதாகத் தீரவுமில்லை. அதே மூத்த அம்மாதான் கேட்டார்: “கழிவு குறைஞ்சா எங்க பங்கு குறையுதே. நான் எப்பவும் கடைசியா எடுக்கிறவ. வருசம் பூரா வார கழிவுதான் எனக்கு லாபம்.” அவர் சொன்னது உண்மை. ஏலச் சீட்டில் அவசரக்காரரின் கழிவு, காத்திருக்க முடிந்தவர்களின் வட்டியாகப் போகிறது. எங்கள் குழுவில் பெரும்பாலும் அவசரக்காரர்கள் யார்? ஆண் சம்பளமில்லாத வீடுகளின் பெண்கள். அதை நான் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை, அறையிலிருந்த எல்லோரும் தங்களுக்குள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். சிறிது நேரம் கழித்து ஒருவர், “பங்கு குறையும், சரிதான். நாளைக்கு எனக்கு அவசரம் வந்தா?” என்று கேட்டார். ஆறு மாதம் நடத்திப் பார்ப்பதென்று பதின்மூன்று பேர் கையுயர்த்தினார்கள்.

டின் வந்த முதல் மாதம் அதிகத் துண்டு 15,000, அடுத்தது 8,000. எடுத்தவருக்கு 8,100 கழிந்தது. மூன்றாம் மாதம் ஒரு வேடிக்கை. சீட்டுத் தேவையில்லாத ஒருவர், இரண்டாவது துண்டாக வந்து கழிவை ஏற்றிவிடலாம் என்று நினைத்து 14,000இல் கோடு போட்டிருக்கிறார். அந்த மாதம் மற்றவர்கள் 9,000ஐத் தாண்டவில்லை. சீட்டு அவர் தலையிலேயே விழுந்தது, 9,100 கழிவோடு! இரண்டு நாள் கோபமாக இருந்துவிட்டு, அந்தக் காசில் கூரைக்குத் தகரம் வாங்கினார்.

ஒன்று மட்டும் இன்னும் பயமாக இருக்கிறது. அவசரமுள்ள இரண்டு மூன்று பேர் முன்பே பேசிவைத்துக் குறைத்துக் கோடு போட்டால் இந்த முறையும் ஆடிப்போகும். இதுவரை நடக்கவில்லை. நடந்ததா என்று கண்டுபிடிக்கவும் வழி தெரியவில்லை. சீட்டக்காவோ, அவசரக்காரர்கள் ஒன்றாகக் கூடிப் பேசினால் அது நல்லதுதானே என்கிறார்.

மெசின் இரண்டரை மாதம் கழித்துப் பார்சலில் வந்தது. ஊசி ஒன்று உடைந்திருந்தது, மாத்தளை டவுனில் வாங்கினோம். வன்னியக்கா இப்போது பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் சீருடை ஓரமடிக்கிறார். கடந்த சீட்டு நாளில் ஓடர் முடிக்க வேண்டியிருந்ததால் அவரால் வர முடியவில்லை. நான்காக மடித்து ஸ்டேப்ளர் அடித்த துண்டை மகனிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். பையன் அதைச் சீட்டக்காவிடம் கொடுக்கப் போனான். அவர் கையை நீட்டவில்லை.

“என்கிட்ட வேணாம் ராசா. நேரா டின்னுல போடு” என்றார்.